ட்ருபல் 10: சொந்த மாட்யூலிலிருந்து ஃபெட்ச் அழைப்பு – ஒரே கிளிக்கில் பல கோரிக்கை, 403, பழைய எண்ணிக்கை

நிரல்நெசவு:

வணக்கம். ட்ருபல் 10 (இணையதளங்களை உருவாக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) தளத்துக்கு எழுதும் மாட்யூல் (கூடுதல் நிரல் தொகுப்பு) ஒன்றில் அஜாக்ஸ் அழைப்புகள், அதாவது பக்கத்தை மறுபடி ஏற்றாமல் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் மூலம் சர்வரைக் கேட்பவை, சரியாக அமையவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தேவை இதுதான். பயிற்சி வகுப்புகள் வியூஸ் (ட்ருபலில் பட்டியல் உருவாக்கும் கருவி) பட்டியலாக வருகின்றன. பக்கவாட்டில் ‘விரைவில் தொடங்குபவை’ என்ற பிளாக்கை மாட்யூலே தருகிறது. இரண்டிலும் ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே மீதி இடங்களின் எண்ணிக்கையும் ‘பதிவு செய்’ பொத்தானும் உண்டு. எண்ணிக்கையை யாரும் பார்க்கலாம். பதிவு செய்ய மட்டும் உள்நுழைந்திருக்க வேண்டும். பக்கம் மறுபடி ஏறக்கூடாது.

இப்போது இருக்கும் அமைப்பு: ரவுட்டிங் ஒய்எம்எல் கோப்பில் இரண்டு பாதைகள். ஒன்று கெட் (தகவல் கேட்கும் கோரிக்கை), நோட் (ட்ருபலில் ஓர் உள்ளடக்கம், இங்கே ஒரு வகுப்பு) எண்ணை வாங்கி மீதியைத் தரும். மற்றது போஸ்ட் (தகவல் அனுப்பும் கோரிக்கை), பதிவு செய்யும். போஸ்ட் பாதையின் ரெக்வயர்மென்ட்ஸில் _பெர்மிஷனோடு _சிஎஸ்ஆர்எஃப்_டோக்கன் (வேறு தளம் பயனரின் பெயரில் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் ரகசிய எழுத்துச் சோதனை) ‘ட்ரூ’வும் கொடுத்திருக்கிறேன். இரண்டு கன்ட்ரோலர்களும் கேஷபிள்ஜேசன்ரெஸ்பான்ஸ் (கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைக்கத்தக்க ஜேசன் தரவுப் பதில்) திருப்புகின்றன, மேக்ஸ்-ஏஜ் (சேமித்து வைக்கும் கால அளவு) 0. ஜாவாஸ்கிரிப்ட்டில், பிகேவியரின் (ட்ருபலில் ஸ்கிரிப்ட்டை எழுதும் அமைப்பு) அட்டாச் ஃபங்ஷனுக்குள் டாக்குமென்ட் முழுவதும் பொத்தான்களைத் தேடி ஒவ்வொன்றிலும் கிளிக் லிசனர் வைக்கிறேன். லிசனர் ‘/வகுப்பு/12/பதிவு’ போன்ற பாதையை ஒட்டி உருவாக்கி ஃபெட்ச் செய்கிறது.

தொல்லைகள்:

1. வியூஸ் ஃபில்டரை மாற்றியபின் பக்கவாட்டு பிளாக்கில் ஒருமுறை கிளிக் செய்தால் இரண்டு கோரிக்கை போகிறது. இன்னொரு முறை ஃபில்டர் மாற்றினால் மூன்று. பட்டியலுக்குள் இருக்கும் பொத்தான்கள் மட்டும் ஒழுங்காக ஒரே கோரிக்கை அனுப்புகின்றன.
2. உள்நுழைந்த நிலையிலும் போஸ்ட்டுக்கு 403 (அனுமதி மறுப்பு). கன்சோலில் ‘எதிர்பாராத டோக்கன் <’ என்று ஜேசன் பிழை.
3. சோதனை சர்வரில் தளம் ஒரு துணை ஃபோல்டருக்குள் இருக்கிறது. அங்கே எல்லா அழைப்பும் 404 (முகவரி இல்லை).
4. உள்நுழையாதவர்களுக்கு மீதி எண்ணிக்கை பழையதாகவே வருகிறது. கேஷை அழித்தால் ஒருமுறை சரியாக வந்து, பிறகு அதே எண்ணிலேயே நிற்கிறது. உள்நுழைந்தவர்களுக்குச் சரியாக இருக்கிறது.

கொன்றை:

முதல் தொல்லைக்கான காரணம் உங்கள் விவரிப்பிலேயே இருக்கிறது. அட்டாச் என்பது பக்கம் ஏறும்போது ஒருமுறை மட்டும் ஓடுவது அல்ல. அஜாக்ஸ் மூலம் புதிய துண்டு பக்கத்தில் சேரும் ஒவ்வொரு முறையும், அந்தத் துண்டை கான்டெக்ஸ்ட் என்ற முதல் ஆர்க்யுமென்டாகக் கொடுத்து ட்ருபல் அதை மறுபடி அழைக்கும். பிக்பைப் (பக்கத்தைப் பகுதி பகுதியாக அனுப்பும் ட்ருபல் மாட்யூல்) ஒரு பிளாக்கைப் பிந்தி அனுப்பினாலும் இதே கதைதான்.

நீங்கள் கான்டெக்ஸ்டை விட்டுவிட்டு டாக்குமென்ட் முழுவதையும் தேடுகிறீர்கள். ஃபில்டர் மாறும்போது பட்டியலின் பொத்தான்கள் புத்தம் புதிதாக வருவதால் அவற்றில் ஒரு லிசனர்தான் ஏறுகிறது. பக்கவாட்டு பிளாக் மாறாமல் அங்கேயே இருப்பதால் ஏற்கெனவே இருக்கும் லிசனரின் மேல் இன்னொன்று ஏறுகிறது. ஒரே ஃபங்ஷனை இருமுறை சேர்த்தால் பிரவுசர் தானே தவிர்த்துவிடும். ஆனால் அட்டாச்சுக்குள் பெயரில்லாமல் எழுதிய ஃபங்ஷன் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு ஃபங்ஷன், அதனால் தவிர்க்காது.

தீர்வு, ஓர் எலிமென்டை ஒருமுறை மட்டும் தொட உதவும் ஒன்ஸ் என்ற ஃபங்ஷன். லைப்ரரீஸ் ஒய்எம்எல் கோப்பில் டிபென்டன்சீஸின் கீழ் கோர்/ட்ருபல், கோர்/ட்ருபல்செட்டிங்ஸ், கோர்/ஒன்ஸ் மூன்றையும் சேருங்கள். அட்டாச்சுக்குள் ஒன்ஸ் ஃபங்ஷனுக்கு ஒரு தனி அடையாளப் பெயர், செலக்டர், கான்டெக்ஸ்ட் ஆகியவற்றை இதே வரிசையில் கொடுங்கள். இதுவரை தொடாத எலிமென்ட்களை மட்டும் அது அர்ரேயாகத் தரும். ஃபார்ஈச் வைத்து அவற்றில் லிசனர் சேருங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஸ்பெக்டரில் பொத்தானைத் திறந்தால் டேட்டா-ஒன்ஸ் என்ற அட்ரிபியூட்டில் நீங்கள் கொடுத்த பெயர் தெரியும்.

வலையில் தேடினால் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் ஜேகுவெரி எலிமென்டில் புள்ளி வைத்து ஒன்ஸை அழைத்திருப்பார்கள். அது ட்ருபல் 9.2-க்கு முந்தைய முறை. 10-ல் அந்த ஜேகுவெரி ஒன்ஸ் லைப்ரரியே இல்லை, அப்படியே ஒட்டினால் ஃபங்ஷன் இல்லை என்று நின்றுவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். மாட்யூலின் லைப்ரரி வரையறையில் வெர்ஷன் என்ற இடத்தில் பெரிய எழுத்தில் அதே சொல்லை மதிப்பாகக் கொடுத்திருந்தால் நீக்கிவிடுங்கள். அது ட்ருபல் கோரின் பதிப்பு எண்ணாக மாறும். உங்கள் ஸ்கிரிப்டைத் திருத்தினாலும் கோப்பின் முகவரிக்குப் பின்னால் வரும் எண் மாறாததால், அக்ரிகேஷன் (பல கோப்புகளை ஒன்றாக்கி அனுப்புவது) அணைந்திருக்கும்போது பிரவுசர் பழைய கோப்பையே எடுக்கும். திருத்தியது ஏன் பலிக்கவில்லை என்று மணிக்கணக்கில் குழம்ப வைக்கும் இடம் இது. வெர்ஷன் வரியையே எழுதாவிட்டால் கேஷ் அழிக்கும்போது அந்த எண் தானாக மாறும். லைப்ரரீஸ் கோப்பையோ ரவுட்டிங் கோப்பையோ தொட்ட பிறகு ‘ட்ரஷ் சிஆர்’ (கேஷை அழிக்கும் கட்டளை) கட்டாயம்.

தூக்கணாங்குருவி:

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பார்க்கலாம், இரண்டுமே முகவரி உருவாகும் விதத்தில் இருந்து வருபவை.

_சிஎஸ்ஆர்எஃப்_டோக்கன் என்ற ரெக்வயர்மென்ட், முகவரியின் குவெரி பகுதியில் டோக்கன் வந்திருக்கிறதா என்று பார்க்கும். பிஹெச்பியில் யூஆர்எல் கிளாஸின் ஃப்ரம்ரூட் மூலம் இணைப்பை உருவாக்கினால் ட்ருபலே அந்த டோக்கனைச் சேர்த்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் கையால் ஒட்டிய பாதையில் அது எங்கிருந்து வரும்? அதனால்தான் சரியான பெர்மிஷன் இருந்தும் 403. ரெக்வயர்மென்ட்கள் எல்லாமே நிறைவேறினால்தான் கதவு திறக்கும். ஒன்று தவறினாலும் மறுப்புதான்.

ஃபெட்ச்சுக்கு ஏற்றது _சிஎஸ்ஆர்எஃப்_ரெக்வெஸ்ட்_ஹெடர்_டோக்கன். மாற்ற வேண்டியவை:

முதலில் போஸ்ட் பாதையில் பழைய வரியை எடுத்துவிட்டு இதை ‘ட்ரூ’ என்று மேற்கோள் குறிக்குள் போடுங்கள். மெத்தட்ஸ் வரியில் போஸ்ட் மட்டும் இருக்கட்டும். அந்த வரி இல்லாவிட்டால் அதே பாதை கெட்டுக்கும் திறக்கும், கெட்டுக்கு இந்த ஹெடர் சோதனை கிடையாது, உள்நுழைந்த பயனர் வேறு தளத்தில் வைத்த இணைப்பைத் தொட்டாலே பதிவு ஓடும். பைத்தியக்காரத்தனமான வாசல் அது, மூடிவிடுங்கள்.

பிறகு ஜாவாஸ்கிரிப்ட்டில், செஷன்/டோக்கன் என்ற பாதைக்கு ஒரு கெட் அழைப்பு. பதில் ஜேசன் அல்ல, வெறும் எழுத்து. ஆகவே டெக்ஸ்ட் மெத்தடால் படியுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் இதைக் கேட்க வேண்டாம். முதல் தேவையின்போது வந்த ப்ராமிஸை (பிறகு வரப்போகும் விடையைக் குறிக்கும் பொருள்) ஒரு மாறியில் வைத்துக்கொண்டு பகிருங்கள். போஸ்ட்டில் எக்ஸ்-சிஎஸ்ஆர்எஃப்-டோக்கன் என்ற ஹெடரில் அந்த எழுத்தை அனுப்புங்கள்.

பயனர் வேறொரு டேபில் வெளியேறி மறுபடி உள்நுழைந்திருந்தால் கையில் உள்ள டோக்கன் செல்லாது. 403 வந்தால் ஒரே ஒருமுறை புது டோக்கன் வாங்கி மறுமுயற்சி செய்யுங்கள். அதற்கும் 403 என்றால் செஷன் முடிந்திருக்கும் அல்லது பெர்மிஷன் இல்லை. அப்போது உள்நுழைவு இணைப்பைக் காட்டுங்கள்.

இந்தச் சோதனை உள்நுழைந்த, செஷன் குக்கி உள்ள கோரிக்கைகளுக்கு மட்டும்தான். உள்நுழையாதவரை இது தடுக்காது. அவரைத் தடுப்பது _பெர்மிஷன்தான், அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.

கன்சோலில் வரும் ‘எதிர்பாராத டோக்கன் <’ சிஎஸ்ஆர்எஃப் டோக்கனைப் பற்றியது அல்ல, பெயர் ஒற்றுமையில் ஏமாற வேண்டாம். ஜேசன் வரும் என்று பார்சர் காத்திருக்க, ஹெச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எழுத்தான < வந்து நின்றது. இங்கே அது ட்ருபலின் 403 பக்கம். ஃபெட்ச், 404, 403, 500 எதையும் தோல்வியாகக் கருதாது. சர்வரிலிருந்து ஏதாவது பதில் வந்தாலே ப்ராமிஸ் நிறைவேறிவிடும், கேட்ச்சுக்குப் போகாது. ஆகவே ஜேசனைப் பிரிக்குமுன் ரெஸ்பான்ஸின் ஓகே மதிப்பைப் பாருங்கள். கூடவே முகவரியின் முடிவில் _ஃபார்மட்=ஜேசன் என்ற குவெரியைச் சேர்த்தால், 4-ல் தொடங்கும் பிழைகளை ட்ருபல் ஜேசனாகவே தரும். மெசேஜ் என்ற புலத்தில் ஹெடர் இல்லையா, செல்லாத டோக்கனா என்ற காரணம்கூட வரும். பாதி நேரம் இதிலேயே மிச்சம்.

துணை ஃபோல்டர் 404: சாய்கோட்டில் தொடங்கும் பாதை எப்போதும் டொமைனின் வேரிலிருந்து எண்ணப்படும். ட்ருபல்.யூஆர்எல் என்ற ஃபங்ஷனுக்கு முன்சாய்கோடு இல்லாத பாதையைக் கொடுங்கள். ஃபோல்டரையும் பல மொழித் தளமானால் மொழி முன்னொட்டையும் அது சேர்த்துக்கொள்ளும். செஷன்/டோக்கனுக்கும் இதையே பயன்படுத்துங்கள்.

போஸ்ட்டின் உள்ளடக்கத்தை ஜேசனாக அனுப்பினால் கன்ட்ரோலரில் ரெக்வெஸ்ட் பொருளின் ரெக்வெஸ்ட் தொகுப்பில் எதுவும் இருக்காது. அது ஃபார்ம் வடிவத் தரவுக்கு மட்டும். கெட்கன்டென்ட் மூலம் முழு எழுத்தையும் வாங்கி டீகோட் செய்ய வேண்டும்.

நிரல்நெசவு:

இருவருக்கும் நன்றி. ஒன்ஸ் போட்டதும் இரட்டைக் கோரிக்கை நின்றது. ஹெடர் டோக்கனுக்கு மாற்றியதும் பதிவு ஓடுகிறது, துணை ஃபோல்டரிலும் சரி. நான்காவது மட்டும் அப்படியே இருக்கிறது. மேக்ஸ்-ஏஜ் 0 கொடுத்த பிறகும் ஏன் கேஷ் ஆகிறது?

கொன்றை:

ட்ருபலில் இரண்டு பக்க கேஷ்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே விதியைப் பின்பற்றுவதில்லை. டைனமிக் பேஜ் கேஷ் மேக்ஸ்-ஏஜை மதிக்கும், 0 என்றால் சேமிக்காது. உள்நுழையாதவர்களுக்கு மட்டும் வேலை செய்யும் இன்டர்னல் பேஜ் கேஷ், கேஷபிள் வகைப் பதிலைக் கண்டால் அதன் கேஷ் டேக்குகளையும் (எது மாறினால் சேமித்த பதிலை அழிக்க வேண்டும் என்று சொல்லும் குறிச்சொற்கள்) எக்ஸ்பயர்ஸ் ஹெடரையும்தான் பார்க்கும், மேக்ஸ்-ஏஜைப் பார்ப்பதில்லை. நீங்கள் டேக் எதுவும் கொடுக்காததால் முதல் பதில் அடுத்த கேஷ் அழிப்புவரை உட்கார்ந்துவிடுகிறது. உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் சரியாக வருவதன் காரணம் இதுதான்.

மூன்று வழிகள் உண்டு. எளிதானது, கேஷபிள்ஜேசன்ரெஸ்பான்ஸுக்குப் பதில் சாதாரண ஜேசன்ரெஸ்பான்ஸ். அது கேஷபிள் வகை அல்லாததால் இரண்டு கேஷும் அதைத் தொடாது, பிரவுசருக்கும் நோ-கேஷ் (சர்வரைக் கேட்காமல் பழையதைக் காட்டாதே) என்ற ஹெடரே போகும். இரண்டாவது, ரவுட்டிங் கோப்பில் ஆப்ஷன்ஸின் கீழ் நோ_கேஷ் ட்ரூ. பலன் ஏறக்குறைய அதேதான்.

மூன்றாவதைத்தான் நான் தேர்வேன். கேஷபிள் பதிலையே வைத்துக்கொண்டு, வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ‘வகுப்பு_இடம்:12’ போல ஒரு சொந்த டேக் சேருங்கள். பதிவோ ரத்தோ நடந்து முடிந்ததும் கேஷ் கிளாஸின் இன்வாலிடேட்டேக்ஸுக்கு அந்த டேக்கைக் கொடுங்கள். எண் மாறும்வரை கேஷிலிருந்து வேகமாக வரும், மாறிய கணமே புதிது வரும். மேக்ஸ்-ஏஜ் 0 வரியை அப்போது எடுத்துவிட வேண்டும். நோட்:12 என்ற ட்ருபலின் டேக் மட்டும் போதாது. பதிவுகளைத் தனி டேபிளில் வைத்திருந்தால் நோட் சேமிக்கப்படுவதே இல்லை, அந்த டேக் காலாவதியும் ஆகாது.

தளத்தின் முன்னால் வார்னிஷோ சிடிஎன்னோ (சர்வருக்கு முன் நின்று பதில்களைச் சேமித்துத் தருபவை) இருந்தால் மூன்றாவது வழி தனியாக நிற்காது, அங்கும் டேக் வழியாக அழிக்கும் ஏற்பாடு வேண்டும். அது இல்லாத இடத்தில் முதல் வழியே பத்திரம்.

கவனிக்க இன்னும் ஒன்று: பட்டியலில் 20 வகுப்பு இருந்தால் இப்போது 20 கெட் போகிறதா? ஒவ்வொன்றுக்கும் சர்வரில் ட்ருபல் எழுந்து உட்கார வேண்டும். ஹெச்டிடிபி 1.1 ஆனால் பிரவுசர் ஒரு டொமைனுக்கு ஆறு இணைப்புக்கு மேல் திறக்காது, மீதி எல்லாம் வரிசையில் நிற்கும். நோட் எண்களைக் காற்புள்ளியால் இணைத்து ஒரே அழைப்பில் கேளுங்கள். கன்ட்ரோலரில் ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கி, 50-க்கு மேல் வந்தால் 400 கொடுங்கள். கேஷபிள் பதிலானால் யூஆர்எல்.குவெரி_ஆர்க்ஸ் கான்டெக்ஸ்டைச் சேர்க்க மறக்காதீர்கள். விட்டால் டைனமிக் பேஜ் கேஷ் ஒரு தொகுப்பின் விடையை வேறு தொகுப்புக்குக் கொடுத்துவிடும்.

கடைசிவரி:

திரையில் எண் சரியாக வருவது பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கவலை தருவது சர்வர் பக்கம். கன்ட்ரோலர் முதலில் மீதியைப் படித்து, 0-க்கு மேல் இருந்தால் பதிவை எழுதி, பிறகு மீதியைக் குறைக்கிறதா? கடைசி இடத்துக்கு இருவர் ஒரே நொடியில் அழுத்தினால் இரண்டு கோரிக்கையும் 1 என்று படிக்கும், இரண்டும் பதிவாகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் எத்தனை தடுப்பு வைத்தாலும் இதற்கு உதவாது.

படிப்பதையும் குறைப்பதையும் ஒரே அப்டேட் வினவலாக்குங்கள். டேட்டாபேஸின் அப்டேட்டில் எக்ஸ்பிரஷன் மூலம் மீதியை மீதி கழித்தல் 1 என்று வைத்து, நோட் எண்ணோடு ‘மீதி 0-க்கு மேல்’ என்ற கண்டிஷனும் சேருங்கள். எக்ஸிக்யூட் திருப்பும் எண் 1 என்றால் இடம் கிடைத்தது. 0 என்றால் நிறைந்துவிட்டது, 409 (முரண்பாடு) திருப்புங்கள். பதிவு டேபிளில் நோட் எண், பயனர் எண் இரண்டும் சேர்ந்த யுனிக் கீ வையுங்கள். வரிசை முக்கியம்: டிரான்சாக்‌ஷன் தொடங்கி, முதலில் பதிவை இன்சர்ட், அடுத்து அப்டேட், 0 வந்தால் ரோல்பேக். ஒரே ஆள் இருமுறை அழுத்தினால் இரண்டாவது இன்சர்ட்டே யுனிக் கீயில் மோதி நிற்கும், மீதி குறையாது. அந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து ‘ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று பதில் கொடுங்கள்.

யுனிக் கீ இருந்தால் இன்னொரு வசதி. ஃபெட்ச்சுக்குக் கால வரம்பை நாம்தான் வைக்க வேண்டும். அபார்ட்சிக்னல்.டைம்அவுட்டுக்கு 10000 கொடுத்து சிக்னலாக அனுப்பினால் 10 விநாடியில் கைவிடும். ஆனால் பிரவுசர் கைவிட்டது சர்வருக்குத் தெரியும் என்று நம்பக்கூடாது. பிஹெச்பி பாதி வழியில் நிற்காமல் பதிவை முடித்திருக்கலாம். யுனிக் கீ உள்ளபோது பயனர் மறுபடி அழுத்துவதில் ஆபத்தில்லை. இல்லாதபோது இரண்டு பதிவு.

பொத்தானைக் கிளிக் ஆனதும் டிசேபிள் செய்து, ஃபைனலியில் திறந்துவிடுங்கள். கேட்ச்சில் மட்டும் திறந்தாலோ வெற்றிப் பாதையில் மட்டும் திறந்தாலோ ஏதோ ஒரு நிலையில் பொத்தான் செத்தே கிடக்கும். பொத்தான் ஒரு ஃபார்முக்குள் இருந்தால் டைப் பட்டன் என்று எழுதுங்கள், எழுதாவிட்டால் சப்மிட் என்று கொண்டு பக்கமே ஏறும். விளைவை எழுதும்போது இன்னர்ஹெச்டிஎம்எல் வேண்டாம், டெக்ஸ்ட்கன்டென்ட் போதும். வகுப்பின் தலைப்பில் யாராவது ஸ்கிரிப்ட் எழுதிவைத்தாலும் ஓடாது. திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு எண் மாறியது தெரிய வேண்டும். ட்ருபல்.அனவுன்ஸ் அதற்காகவே இருக்கிறது, கோர்/ட்ருபல்.அனவுன்ஸைச் சேர்த்துக்கொண்டு ஒரு வரி அழையுங்கள்.

நிரல்நெசவு:

கன்ட்ரோலர் நீங்கள் சொன்ன அதே தவறான வரிசையில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். டேக் முறைக்கும் போய்விட்டேன், எண்ணிக்கை சரியாக வருகிறது. கடைசியாக ஒன்று: சில வகுப்புகளுக்குப் பதிவின்போது கூடுதல் விவரம் கேட்கும் ட்ருபல் ஃபார்ம் ஒன்றைப் பொத்தானுக்குக் கீழேயே திறக்க வேண்டும். ஃபார்மை ரெண்டர் செய்து ஹெச்டிஎம்எல்லை ஜேசனுக்குள் அனுப்பி ஒட்டலாமா?

தூக்கணாங்குருவி:

அதற்கு ஃபெட்ச் பொருந்தாது. ஹெச்டிஎம்எல் மட்டும் வந்து ஒட்டும். ஃபார்முக்குத் தேவையான சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் லைப்ரரிகள் வராது. ஸ்டேட்ஸ் (ஒரு புலத்தைப் பொறுத்து இன்னொன்றைக் காட்டுவது), ஆட்டோகம்ப்ளீட் இரண்டும் மௌனமாக இருக்கும். அட்டாச்பிகேவியர்ஸைக் கையால் அழைத்தாலும் பக்கத்தில் இல்லாத லைப்ரரியை அது கொண்டுவராது.

இந்த இடத்தில் ட்ருபலின் சொந்த அஜாக்ஸ் முறைக்குப் போங்கள். தனியாக ஒரு பாதை, அதன் கன்ட்ரோலர் அஜாக்ஸ்ரெஸ்பான்ஸ் திருப்பட்டும். அதில் ரிப்ளேஸ்கமாண்ட் ஒன்று: எந்த செலக்டர், எந்த ரெண்டர் அர்ரே. அர்ரேயாகவே கொடுங்கள், முன்கூட்டி எழுத்தாக்க வேண்டாம். பிரவுசர் பக்கம் ட்ருபல்.அஜாக்ஸுக்கு யூஆர்எல் கொடுத்து எக்ஸிக்யூட் செய்தால் போதும். லைப்ரரி டிபென்டன்சியில் கோர்/ட்ருபல்.அஜாக்ஸ் சேர வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே உள்ள லைப்ரரிகளின் பட்டியலை அது சர்வருக்குச் சொல்லும். இல்லாதவை மட்டும் வந்து ஏறி, புதுத் துண்டுக்குப் பிகேவியர்களும் தானே ஓடும். மீதி எண்ணிக்கைக்கும் பதிவுக்கும் நீங்கள் எழுதிய ஃபெட்ச் அப்படியே இருக்கலாம். இரண்டையும் ஒரே மாட்யூலில் வைப்பதில் தவறில்லை.

இதில் விழும் பள்ளம் ஒன்று. அஜாக்ஸ் பாதையில் உருவாகும் ஃபார்மின் ஆக்‌ஷன் அந்த அஜாக்ஸ் பாதையாகவே அமைந்துவிடும். பயனர் சாதாரணமாக சப்மிட் செய்தால் திரை முழுவதும் ஜேசன் வரிகள் தெரியும். பில்ட்ஃபார்முக்குள் #ஆக்‌ஷனுக்கு, அந்த ஃபார்ம் தனிப்பக்கமாகவும் திறக்கும் பாதையின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தனிப்பக்கப் பாதை இன்னும் இல்லையென்றால் முதலில் அதை உருவாக்குங்கள், ஸ்கிரிப்ட் ஏறாத பிரவுசரிலும் பதிவு நடக்க அதுவே வழி.